ஐந்தாம் மாடியிலிருந்து நேர்க் காட்சி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் இரண்டு கண்கள் மேல் சத்தியம். இடது கண்தான் நன்றாகத் தெரியும் என்பதால் அதன் மேல் தனியாக இன்னொரு சத்தியம். கூட்டிச் சொல்லவில்லை. ஓரிடத்தில் மட்டும் தண்ணீரின் உயரத்தை ஒரு முழம் குறைத்திருக்கிறேன், நீங்கள் நம்பமாட்டீர்களே என்று.

மூன்றாம் நாள் காலையில் சிவப்புத் தண்ணீர்த் தொட்டியைக் காணவில்லை.

நெலிதா ஐந்தாம் மாடிப் பால்கனியில் மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குடுவையோடு நின்றாள். குடுவையின் சூடு உள்ளங்கையில் இருந்தது. கீழே ரொட்டிக்கடைப் புகைபோக்கியிலிருந்து சர்க்கரை கருகும் வாசனை ஏறிக்கொண்டிருந்தது. அதற்கப்பால் சதுக்கத்தின் பைன் மரங்கள், அதற்கப்பால் தேவாலயத்தின் மணிக்கூண்டு, எல்லாம் நேற்று இருந்த இடத்தில் இருந்தன. மணிக்கூண்டுக்கு அப்பால் கடற்கரையோரக் கடைசி வீட்டின் மொட்டைமாடியில் ஒரு சிவப்புத் தொட்டி இருக்க வேண்டும். அந்த இடத்தில் கடல் இருந்தது.

"குண்டா, அந்தச் செவப்புத் தொட்டி எங்க?"

"எந்தத் தொட்டி?" அவள் புருஷன் எவரிஸ்தோ உள்ளேயிருந்து சவர நுரை முகத்தோடு வந்தான்.

"கடைசி வீட்டு மேல இருந்துச்சே. நேத்து நீதான் திட்டின, காட்சியக் கெடுக்குதுன்னு."

எவரிஸ்தோ கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "எடுத்துட்டாங்க போல. இந்த ஊர்ல ரசனை உள்ள ஆளுங்க இருக்காங்க, கிழவி." உள்ளே போய்க் கறுப்பு அட்டை நோட்டை எடுத்து, எட்டரையை அடித்து ஒன்பது போட்டான்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எவரிஸ்தோ எங்கள் ஊரான ஒலாவரியாவில் ஆணிக்கடை வைத்திருந்தவன். ஒலாவரியாவில் சிமெண்டு உண்டு, தூசி உண்டு, கடல் இல்லை. இருபத்திரண்டு வருடமாக, எங்களுக்குக் கோடையான ஜனவரியின் முதல் பதினைந்து நாளும் அவனும் நெலிதாவும் ஏதாவதொரு கடற்கரை ஊரில் வாடகைக்கு வீடு பிடிப்பார்கள். ஒவ்வோர் ஊருக்கும் நோட்டில் ஒரு பக்கம். மணலுக்கு, காற்றுக்கு, ஐஸ்கிரீமுக்கு, காட்சிக்கு என்று தனித்தனி மதிப்பெண். நெகோச்சியாவில் மணல் ஒன்பது. காட்சி, பக்கத்து வீட்டுக்காரி துணியை எடுத்த பிறகு நாலு. மிராமாரில் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பால்கனிக் கம்பிக்கு வெளியே ஒரு காலை விட்டு இடப்பக்கம் சாய வேண்டும், நெலிதா பின்னாலிருந்து இடுப்புப் பெல்ட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சான் பெர்னார்தோவில் கழிப்பறைப் பீங்கான் மேல் ஏறி நின்றால் விரல்கடை அகலத்துக்கு நீலம் தெரிந்தது. இதையெல்லாம் வாடகை விளம்பரத்தில் "பக்கவாட்டுக் கடல் காட்சி" என்று போடுவார்கள். எவரிஸ்தோவின் வாழ்க்கையே பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது.

நெலிதாவின் அண்ணன் காச்சோவுக்கோ பதினோரு வருடமாக மார் தெல் பிளாத்தாவில் அதே எட்டாம் மாடி வீடு. நேர்க் காட்சி. படுக்கையில் கிடந்தபடி கப்பலை எண்ணலாம். ஒவ்வொரு ஜனவரியும் தொலைபேசியில் அதே கேள்விதான் கேட்பான்: "என்ன மாப்ளே, இந்த வருஷம் கடலப் பாக்க எது மேல ஏறி நிக்கிற?"

இந்த வருடம் எவரிஸ்தோ எதன் மேலும் ஏற வேண்டியிருக்கவில்லை. கோஸ்தா அலசான் என்ற சின்ன ஊர். கடற்கரையிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு கட்டடம். அதில் ஐந்தாம் மாடி. எதிரே உயர்ந்த கட்டடம் எதுவுமில்லை. முதல் நாள் ஷட்டரைத் தூக்கியதும் எதிரில் அகலமாக, நேராக, கடல். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சாப்பிட மட்டும்தான் எழுந்தான்.

நாலு தெரு என்பது நெலிதாவுக்கு நிச்சயமாகத் தெரியும். பேருந்து கடற்கரைச் சாலையில் இறக்கிவிட்டது. பெட்டியின் பிடி கையை அறுத்ததால் தெருத் தெருவாக எண்ணிக்கொண்டே நடந்தாள். அதனால் தொட்டி காணாமல் போன காலையில் ரொட்டி வாங்கும் சாக்கில் இறங்கி, அதே வழியில் கடல்வரை நடந்தாள். நாலாவது தெருவில் கடைசி வீடு அப்படியே நின்றது. மேலே சிவப்புத் தொட்டி, அடியில் சொட்டிக்கொண்டு. ஒரு பெண் கொடியில் துண்டு உலர்த்திக்கொண்டிருந்தாள். நெலிதா சுவரைத் தொட்டுப் பார்த்தாள். வெயிலில் சுட்டது.

திரும்பி ஐந்து மாடி ஏறிப் பால்கனியில் நின்று பார்த்தாள். வீடில்லை, தொட்டியில்லை, துண்டு உலர்த்தும் பெண்ணில்லை. மணிக்கூண்டின் அடிவரைக்கும் கடல்.

கட்டடக் காவலாளி பெலார்மினோ கீழ்வாசல் அறையில் தர்பூசணி அறுத்துக்கொண்டிருந்தார். அறுபது வயது, பனியன், காதில் பென்சில்.

"தோன் பெலார்மினோ, இங்கேருந்து கடலுக்கு எத்தன தெரு?"

"நாலு. எங்கப்பன் காலத்துலயும் நாலுதான்."

"மேலேருந்து பாத்தா மூணுதான் இருக்கு."

அவர் விதையைத் துப்பினார். "அப்ப என்னம்மா கொற? மத்தவங்க கடலத் தேடி நடக்கிறாங்க. ஒங்களத் தேடி அது நடந்து வருது."

"வெளையாடாதீங்க. ஒரு தடவ மேல வந்து பாருங்க."

"அஞ்சாம் மாடிக்கா? முழங்கால் விடாதும்மா. இந்த அறைக்கும் ஜன்னல் இருக்கு, குப்பைத்தொட்டி தெரியும். எனக்கு அந்தக் காட்சியே போதும்." ஒரு துண்டு தர்பூசணியை நீட்டினார். "மத்தியானத்துல ஷட்டர எறக்கிட்டுத் தூங்குங்க. ஊரே அப்படித்தான் தூங்குது."

"எங்களுக்கு முன்னாடி மேல யார் இருந்தாங்க?"

"போன ஜனவரிப் பின்பாதிக்காரங்க, பதினஞ்சுக்கு அப்புறம் வந்தவங்க. நல்ல குடும்பம். காட்சியப் புகழ்ந்து மாளல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? பாதி முடிஞ்சுது."

மறுநாள் அவர் ஏணியின் உச்சிப்படியில் ஒற்றைக்காலில் நின்று விளக்கு மாட்டிக்கொண்டிருந்ததை நெலிதா பார்த்தாள். முழங்காலுக்கு ஒரு குறையுமில்லை.

ஆறாம் நாள் மணிக்கூண்டு போயிற்று. காலையில் மணிச்சத்தம் கேட்டது. தேவாலயத்தில் யாரோ கயிற்றை இழுக்கிறார்கள், ஊர் கேட்கிறது. ஆனால் பால்கனியிலிருந்து பார்த்தால் அந்தச் சத்தம் வெறும் தண்ணீருக்குள்ளிருந்து வந்தது. எவரிஸ்தோ ஒன்பதை அடித்து ஒன்பதரை போட்டான். வாசனையும் மாறியிருந்தது. வெயிலில் காயும் உப்பும் பாசியும் கலந்த கடல் வாசனையில்லை. பூட்டிக்கிடந்த அறையில் நனைந்த மெத்தையை யாரோ புரட்டிப் போட்டதுபோல ஒரு வாடை, தாழ்வாக, தரையோடு தரையாக உள்ளே வந்து துணிப்பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நெலிதா காலையில் கண்ணாடிக் கதவைத் துடைத்தாள். ஈரம் உட்பக்கத்தில் இருந்தது. விரலை நாக்கில் வைத்தாள். உப்பு.

பேருந்துச் சீட்டு விற்கும் இடத்துக்கு ஓடினாள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் சூயிங்கம்மை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினாள்.

"இன்னிக்கா? பதினஞ்சாந்தேதி சாயங்காலம் ஆறு மணி வண்டிக்கு முன்னாடி எதுவுமில்ல. எல்லாரும் அன்னிக்குத்தானே கெளம்புவாங்க. பாதிக்கு நடுவுல யாராச்சும் வீட்டுக்குப் போவாங்களா?"

யாரும் போகமாட்டார்கள். ஜனவரியில் எங்கள் நாடு இரண்டாகப் பிரியும்: முன்பாதிக்காரர்கள், பின்பாதிக்காரர்கள். பதினைந்தாம் தேதி நண்பகலில் முன்பாதி வெளியே போகும், பின்பாதி உள்ளே வரும். வருகிறவர்கள் காலையிலேயே வந்துவிடுவார்கள். நடைபாதையில் பெட்டியைக் கையில் பிடித்தபடி, கீழே வைக்காமல், பேசாமல், மேலே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கோபமாக அல்ல, சிரித்தும் அல்ல. இன்னும் உள்ளே இருப்பவர்களைப் பார்ப்பதற்கென்றே உள்ள பார்வை அது. நெலிதாவும் இருபத்திரண்டு ஜனவரிகள், ஒன்றாம் தேதியன்று, டிசம்பர் ஆட்கள் காலி செய்யும்வரை அப்படி நின்றிருக்கிறாள். நண்பகல் ஆனதும் போகிறவர்கள் படியிறங்கி வந்து, மிஞ்சிய உப்பையும் எண்ணெயையும் அலமாரியில் விட்டிருப்பதைச் சொல்லி, எந்தக் கடையில் மீன் நல்லது என்று சொல்லி, சாவியை வருகிறவர் உள்ளங்கையில் வைப்பார்கள். கையில்தான் வைக்க வேண்டும். காவலாளியிடம் விட்டுப் போவது மரியாதையில்லை.

ஒன்பதாம் நாள் பைன் மரங்களின் நுனிகள் மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தன. அன்றுதான் ஆட்களைப் பார்த்தாள்.

ரொட்டிக்கடைக்குப் பின் தெருவில், அதாவது பால்கனியிலிருந்து பார்க்கும்போது அந்தத் தெரு இருந்திருக்க வேண்டிய தண்ணீரில், இடுப்பளவு ஆழத்தில் நாற்பது ஐம்பது பேர் வரிசையாக நின்றார்கள். ஆண்கள், பெண்கள், குழந்தையைத் தோளில் தூக்கிய ஒருவர். அலை வந்தபோது யாரும் எம்பவில்லை, யாரும் சிரிக்கவில்லை.

"பாத்தியா, கிழவி," என்றான் எவரிஸ்தோ. "எவ்வளவு அமைதியான கடல்! கொழந்தைங்ககூட நிக்குது. மார் தெல் பிளாத்தாவுல இப்படி நிக்க முடியுமா? பொரட்டிப் போட்டுடும்."

"குண்டா, அவங்க கையில என்ன?"

"மிதவையா இருக்கும்."

மிதவை இல்லை. பெட்டி. ஒவ்வொருவர் கையிலும் ஒரு பெட்டி, கீழே வைக்காமல். எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வை நெலிதாவுக்குத் தெரியும்.

அன்றிலிருந்து அவள் ஷட்டரை இறக்கியே வைக்கப் பார்த்தாள். பழைய மரப்பட்டை ஷட்டர் அது. சுவரோரம் தொங்கும் வாரைத் தளர்த்தினால் கடகடவென்று இறங்கும், பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே ஊசித்துளைகள் வழியாக மட்டும் வெளிச்சம் வரும். அவள் இறக்குவாள், அவன் ஏற்றுவான். மத்தியானத் தூக்க நேரம் மட்டும் அவளுக்குச் சொந்தம். இருட்டறையில் ஊசித்துளை வெளிச்சங்கள் வரிசை வரிசையாக எரியும். பக்கத்தில் எவரிஸ்தோ குறட்டை விடுவான். வெளியே, பட்டைகளுக்கு அந்தப் பக்கம், சிப்பிகளை யாரோ தரையில் இழுத்துப் போவதுபோலக் கரகரப்பு. நிற்கும். மறுபடி. கொஞ்சம் கிட்டத்தில்.

"வேற எங்கயாச்சும் போய்ப் படுத்துக்குவோம்," என்று கெஞ்சினாள். "கூடாரம் போடுற எடத்துல கேக்குறேன். ரொட்டிக்கடை மாவு மூட்டை மேல படுத்துக்குறேன். ஒன் கால்ல விழுறேன், குண்டா."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கேலி எதுவும் குரலில் இல்லை. "இருவத்திரண்டு வருஷம், கிழவி. கக்கூஸ் மேல ஏறி நின்னு பாத்தவன் நான். இப்பத்தான், ஒரே ஒரு தடவ, அது என் எதிர்ல வந்து நிக்குது. இன்னும் ஆறு நாள். பதினஞ்சாந்தேதி நீ எங்க சொல்றியோ அங்க. அடுத்த வருஷம் மலைக்கு வேணும்னாலும் வரேன்."

மாலையில் எவரிஸ்தோ பெலார்மினோவின் அறையிலிருந்த தொலைபேசியில் காச்சோவைக் கூப்பிட்டான். "மச்சான், நான் எதிர்ல பாக்கல இப்ப. குனிஞ்சு பாக்குறேன். கடல் காலடியில."

"புளுகாத மாப்ளே."

"ஒன் தங்கச்சியவே கேளு."

நெலிதா ரிசீவரைப் பிடுங்கினாள். "அண்ணே, காரை எடுத்துட்டு இப்பவே வா. எங்களக் கூட்டிட்டுப் போ. இங்க ஏதோ சரியில்ல. தண்ணி தெனம் ஒரு..."

மறுமுனையில் காச்சோ குலுங்கிச் சிரித்தான். "ஏண்டி, நல்லா நடிக்கிறியே! நான் அங்க வரணும், பால்கனில நின்னு வாயப் பொளக்கணும், இந்தக் குண்டன் அத ஆயுசுக்கும் சொல்லிக் காட்டணும். அதானே? வரமாட்டேன் போ." வைத்துவிட்டான்.

அவளைக் கூட்டிப் போக வேறு யாரும் இல்லை. ஆறு நாள். எப்படியாவது அவனை முழுசாக அந்தப் பேருந்தில் ஏற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். பால்கனியில் அவன் உட்காரும்போதெல்லாம் அவள் அவன் சட்டைப் பின்புறத்தைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். அவன் சிரித்தான். "மிராமார்ல புடிச்ச மாதிரியே புடிச்சிருக்கா பாரு."

பதினைந்தாம் தேதி பெட்டிகள் காலை எட்டு மணிக்கே கதவருகில் நின்றன. நெலிதா கட்டி வைத்துவிட்டாள். உப்புப் பொட்டலத்தை அலமாரியில் வைத்தாள். பன்னிரண்டு அடித்தது. கீழே இறங்கினார்கள். நடைபாதையில் யாரும் இல்லை.

"ஒங்க பின்பாதிக்காரங்க இன்னும் வரல," என்றார் பெலார்மினோ. "வண்டி ஆறு மணிக்குத்தானே? இந்த வெயில்ல எங்க போய் நிப்பீங்க? மேல போய்க் கொஞ்சம் சாய்ஞ்சுட்டு வாங்க. எல்லாரும் செய்யறதுதான்."

"வேணாம்," என்றாள் நெலிதா. "சாவி இந்தாங்க."

பெலார்மினோ இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "என்கிட்ட வேணாம்மா. வர்றவங்க கையில குடுங்க."

எவரிஸ்தோ ஏற்கெனவே இரண்டாம் மாடியில் இருந்தான். "கடைசியா ஒரு பார்வ, கிழவி! நோட்டுல பத்து போடணும்ல!"

அவன் மூச்சிரைக்க ஏறுவது கேட்டது. அவள் பின்னாலேயே ஓடினாள். ஐந்து மாடியும் ஓடினாள். நண்பகல் தாண்டிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது, முன்பாதி முடிந்துவிட்டது, இது வேறு யாருடைய நேரமோ. அந்த எண்ணம் நாலாம் மாடித் திருப்பத்தில் அவள் நெஞ்சில் வந்து குத்தியது.

அவள் உள்ளே நுழைந்தபோது ஷட்டர் மேலே இருந்தது. எவரிஸ்தோ பால்கனியில் கம்பியைப் பிடித்து நின்றான். அவனுக்கு முன்னால் ரொட்டிக்கடையில்லை, புகைபோக்கியில்லை, தெருவே இல்லை. கம்பிக்கு ஒரு முழம் கீழே கடல், அலையில்லாமல், எண்ணெய் ஊற்றியதுபோல. இடுப்பளவு தண்ணீரில் நின்ற ஆட்களைக் காணவில்லை.

"எங்க போனாங்க?" என்றாள். "குண்டா. அவங்க எங்க?"

"இரு. கீழ யாரோ என்னமோ கேக்குறாங்க." அவன் குனிந்தான்.

"உள்ள வா."

"ஒரு நிமிஷம்."

"உள்ள வா! ஷட்டர எறக்கப் போறேன். சொல்லிட்டேன். எறக்கிடுவேன்!"

பயமுறுத்தத்தான் நினைத்தாள். சத்தம் கேட்டால் துள்ளி உள்ளே வருவான். ஒவ்வொரு மத்தியானமும் அப்படித்தான் முனகிக்கொண்டு வருவான். வாரைப் பிடித்து ஒரு சாண் தளர்த்தினாள். வார் உப்பில் ஊறியிருந்தது. அவள் கையில் அறுந்தது.

ஷட்டர் விழுந்தது.

இருட்டு. காதுக்குள் ரீங்காரம். அறுந்த வார் கையில் ஈரமாக. எதிரில் ஊசித்துளை வெளிச்சங்கள், வரிசை வரிசையாக, வெள்ளையாக.

"கிழவி!" அந்தப் பக்கத்திலிருந்து அவன் சிரித்தான். "என்னைய வெளிய வச்சுப் பூட்டிட்டியே! தொற."

"வார் அறுந்துபோச்சு! அடியில கை குடுத்துத் தூக்கு! நான் இந்தப் பக்கம் தூக்குறேன்!"

நகத்தை அடிப்பட்டைக்குக் கீழே செருகினாள். மரம் ஊறி உப்பியிருந்தது. அசையவில்லை.

"தூக்குறியா?"

"தூக்குறேன். கிழவி, என் கால் நனையுது."

கீழ் வரிசை வெளிச்சங்கள் பச்சையாயின. ஒவ்வொன்றாக, இடமிருந்து வலமாக. பிறகு அதற்கு மேல் வரிசை.

"குண்டா!"

அவன் வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான், ஆணிக்கடையில் வாடிக்கையாளரிடம் பேசும் அதே பணிவோடு. "வாங்க, வாங்க. இல்ல, இல்ல, எங்க மேலதான் தப்பு. இதோ கெளம்பிட்டோம். சாவி என் வீட்டுக்காரிகிட்ட இருக்கு."

அவள் ஓடினாள். படி, படி, படி. தெருவில் வெயிலில் கண் கூசியது. நிமிர்ந்து பார்த்தாள். ஐந்தாம் மாடி. மூடிய ஷட்டர். காய்ந்த பால்கனி. கம்பியில் அவர்களுடைய நீலத்துண்டு காற்றில் ஆடியது. ஆளில்லை. புகைபோக்கியிலிருந்து சர்க்கரை வாசனை. ஒரு நாய்.

"கம்பி குடுங்க! கடப்பாறை! என் புருஷன் வெளிய மாட்டிக்கிட்டான்!"

பெலார்மினோ எதுவும் கேட்கவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து இரும்புக் கம்பியை எடுத்துக் கொடுத்தார். அது அங்கே தயாராகவே இருந்தது.

"கூட வாங்க!"

"அம்மா." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆறு மணி வண்டியில ரெண்டு சீட்டு இருக்கு. ஒண்ணுல நீங்க போங்க. இப்பவே போங்க."

அவளும் போய்விட நினைத்தாள். பொய் சொல்ல மாட்டேன், ஒரு மூச்சு நேரம் நினைத்தாள். வாசல் திறந்திருந்தது. பேருந்து நிலையம் ஆறு தெரு. பிறகு மாடிப்படியில் ஏறினாள்.

அறையில் வெளிச்சங்கள் அவள் கண் உயரம்வரை பச்சையாகியிருந்தன. மேலே மூன்று வரிசை மட்டும் வெள்ளை. தரை காய்ந்திருந்தது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. கம்பியைப் பட்டைக்கு அடியில் செருகி உடம்பையெல்லாம் போட்டு அழுத்தினாள். கம்பி வளைந்தது. மறுபடி. தோளில் ஏதோ கிழிந்தது. மறுபடி.

மூன்று தட்டல்கள்.

பலமாக இல்லை. வீடு பார்க்க வந்தவர் கதவைத் தட்டுவதுபோல. மரியாதையாக.

"கிழவி." அவன் குரல் பட்டைக்கு மிக அருகில், வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு பேசுவதுபோல. "சாவி."

"நீ மொதல்ல உள்ள வா."

"மொதல்ல அவங்க. ரொம்ப நேரமா நிக்கிறாங்க."

"எவ்ளோ பேர், குண்டா?"

அவன் எண்ணுவது கேட்டது. எண்ணிக்கொண்டே போனான். எழுபது. எண்பது. குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போயிற்று. நூற்றுப் பத்து. மேல் வரிசை பச்சையானது. நூற்று நாற்பது. பிறகு வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஒவ்வொரு துளையிலும் ஏதோ ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. ஈரமான ஒன்று. அது இமைத்தது.

ஷட்டர் ஏறத் தொடங்கியது.

யாரும் இழுக்கவில்லை. வார் அவள் காலடியில் கிடந்தது. ஒரு சாண் ஏறி நின்றது. அதற்குப் பின்னால் தண்ணீர், சுவர்போல, செங்குத்தாக, வழியாமல். அந்தச் சுவரிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. உள்ளங்கை மேல்நோக்கி. ஒரு மாதம் ஊறியதுபோல வெளுத்துச் சுருங்கிய கை. விரலில் அவள் போட்ட மோதிரம்.

நெலிதா மண்டியிட்டாள். சாவியை வைத்தாள். வைத்த கையாலேயே அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். இரண்டு கையாலும் பிடித்தாள். கண்ணாடிக் கதவின் சட்டத்தில் காலை உதைத்துக்கொண்டாள்.

"வா," என்றாள். "வா. வா. வா."

இழுத்தாள். முழங்கைவரை வந்தது. தோள் வந்தது. பிறகு கனம். ஓர் ஆளின் கனமில்லை. தரையோடு முகத்தை வைத்துப் பார்த்தாள். எவரிஸ்தோவின் மறுகையை ஒரு பெண் பிடித்திருந்தாள். அவள் இடுப்பை ஒரு கிழவர். கிழவரை ஒரு குழந்தை. குழந்தையை இன்னொருவர். பச்சைத் தண்ணீருக்குள், மூழ்கிய பைன் மரங்களைத் தாண்டி, மணிக்கூண்டைத் தாண்டி, கண்ணுக்கெட்டிய தூரம்வரை, ஒருவரை ஒருவர் பிடித்தபடி, கையிலிருக்கும் பெட்டியைக் கீழே வைக்காமல்.

அவள் விடவில்லை.

வரிசை முழுவதும், ஒரே நேரத்தில், ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தது.

கடைசியாக ஒன்று, இதற்கும் அதே இடது கண் மேல் சத்தியம்: எவரிஸ்தோவும் நெலிதாவும் கல்யாணமான நாளிலிருந்து கோடைக்குப் போவது கோர்தோபா மலைக்குத்தான். இரண்டு பேரும் இன்றுவரை கடலைப் பார்த்ததில்லை.